பதினோராம் வகுப்பு ரிசர்ச் பேப்பர்: அவுட்லைன் முதலிலா, கடைசியிலா?

கேள்வி, 11.01.2025

நியூ ஜெர்சி எடிசன் ஊரில் இருந்து எழுதுகிறேன். மகள் பதினோராம் வகுப்பு. ஆங்கில வகுப்பில் எட்டுப் பக்க ரிசர்ச் பேப்பர், பிப்ரவரி 21 கடைசி நாள். "அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்" என்று தலைப்பு எடுத்திருக்கிறாள். இந்த மாதமே அவுட்லைன் காட்ட வேண்டுமாம். எழுதிப் பார்த்தால்தானே என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியும், அதற்கு முன்னால் கேட்கிற அவுட்லைன் வெறும் சடங்கு என்கிறாள். போன தடவை பேப்பரை முழுக்க எழுதிவிட்டு அதைப் பார்த்து அவுட்லைன் தயாரித்துக் கொடுத்தாளாம். நான் சாஃப்ட்வேர் ஆள், திட்டம் இல்லாமல் எதையும் தொடங்க மாட்டேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே வாக்குவாதம். யார் சொல்வது சரி?

12.01.2025

நான் உங்கள் பக்கம். பதினேழு வருடமாக நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். திட்டம் இல்லாமல் எழுதி நன்றாக வந்த நீளப் பேப்பர் என்று நினைவில் நிற்பவை ஐந்தாறுதான். மற்றதெல்லாம் மூன்றாம் பக்கத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

ஆனால் நீங்கள் இருவரும் கவலைப்பட வேண்டியது இப்போது அவுட்லைனைப் பற்றி அல்ல, தலைப்பைப் பற்றி. "அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்" என்றால் பருத்தி ஆலை, நிலக்கரிச் சுரங்கம், தெருவில் பத்திரிகை விற்ற பையன்கள், நூறு வருடம், அத்தனை மாநிலங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். எட்டுப் பக்கத்தில் எழுதினால் கலைக்களஞ்சியத்தைச் சுருக்கின மாதிரி இருக்கும். ஓர் இடம், சில வருடங்கள், ஒரு தகராறு. இந்த மூன்றும் கையில் கிடைக்கும் வரை குறுக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. லூயிஸ் ஹைன் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908இல் வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக முழுநேரமும் ஊர் ஊராகப் போய், வேலை செய்யும் சிறுவர்களைப் படம் எடுத்தார். 1910 செப்டம்பர் கடைசியில் நம் மாநிலத்துக்கு வந்தார். பிரவுன்ஸ் மில்ஸ் பக்கத்தில் ஒயிட்ஸ் பாக் என்ற இடம், கிரான்பெர்ரி வயல்கள். பிலடெல்பியாவில் இருந்து குடும்பம் குடும்பமாகப் பழம் பறிக்க வந்திருந்தார்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் அந்தக் குழுவின் படங்கள் 5,000க்கு மேல் இருக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு படத்தில் பத்து வயதுப் பெண் பழம் சுமக்கிறாள். கைக்குழந்தையையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று ஹைன் கீழே எழுதியிருக்கிறார். பள்ளி திறந்து இது நான்காவது வாரம், இவர்கள் இன்னும் இரண்டு வாரம் இங்கே இருப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இந்த ஒரு படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

12.01.2025, இரவு

காலையில் ஒன்று விட்டுப்போயிற்று. தீசிஸை, அதாவது பேப்பரின் மைய வாதத்தை, இப்போதே எழுது என்று அவளை நெருக்காதீர்கள். முதல் வாரத்தில் வேண்டியது ஒரு கேள்வி. பதில் எல்லோருக்கும் தெரிந்த கேள்வியாக இருக்கக்கூடாது. "குழந்தைகளை வேலைக்கு அனுப்புவது தவறா?" என்று கேட்டால் முதல் பக்கத்திலேயே பேப்பர் முடிந்துவிடும். "ஊரே இந்தப் படங்களைப் பார்த்த பிறகும், நிலைத்து நின்ற மத்தியச் சட்டம் வர 1938 வரை ஆனது ஏன்?" என்று கேட்டால் நூலகத்துக்குப் போயே ஆகவேண்டும்.

15.01.2025

குறிப்பெடுக்க இன்டெக்ஸ் கார்டு வேண்டும் என்பேன் நான். கூகுள் டாக்ஸ் இருக்கும்போது கார்டு எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். டாக்ஸில் ஒரு பத்தியை எடுத்து ஒட்ட இரண்டு நொடி. ஒட்டினதும் படித்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன்.

3க்கு 5 அங்குல இன்டெக்ஸ் கார்டு ஒரு கட்டு வாங்குங்கள். ஒரு கார்டில் ஒரே ஒரு செய்தி. மூலையில் சோர்ஸ் எண், பக்கம். நடுவில் பிள்ளையின் சொந்த வாக்கியம். புத்தகத்தில் உள்ளபடியே எடுத்த வரி என்றால் வேறு நிற மையில், பெரிய மேற்கோள் குறிக்குள். சொந்த வாக்கியம் எப்படி வரும் என்றால்: படிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வது போல எழுத வேண்டும், பிறகு திறந்து எண்ணும் பெயரும் சரியா என்று பார்க்க வேண்டும். புத்தகம் திறந்திருக்கும்போது எழுதின எதுவும் கணக்கில் சேராது.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். இரண்டு வருடமும் கைடும் வகுப்பில் சொல்லி எழுதவைத்த நோட்ஸும்தான். விமர்சகர் எழுதின பத்தியை வரி பிசகாமல் எழுதினால் பத்துக்கு எட்டு. அது திறமை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அதில் நல்ல பெயர் வாங்கினேன். 2003இல் இங்கே வந்து மறுபடி கல்லூரியில் சேர்ந்தேன். முதல் பேப்பரில் மூன்று பத்திகளைச் சிவப்பில் வட்டமிட்டுப் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சோர்ஸ் பெயரெல்லாம் போட்டிருந்தேன். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே அந்தப் புத்தகத்தினுடையது, மேலே இருந்த சொற்களை மட்டும் மாற்றியிருந்தேன். அவர் திருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தினார். வீடு வரும் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அந்தச் சொல் நியாயமில்லாதது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ரெபெக்கா மூர் ஹோவார்ட் என்ற கல்வியாளர் 1990களிலேயே இப்படி எழுதுவதற்குப் பேட்ச்ரைட்டிங் என்று பெயர் கொடுத்திருந்தார். புதிய துறைக்குள் நுழையும் மாணவர்கள் அந்த மொழியைப் பழகும்போது கடந்துபோகிற கட்டம் இது, குற்றமாகப் பார்க்க வேண்டாம் என்பது அவர் வாதம். எனக்கு இது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. என் வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு வெற்றுக் கார்டைக் கையில் கொடுப்பேன்.

16.01.2025

கார்டில் சோர்ஸின் தேதியும் இருக்க வேண்டும். நேற்று எழுதவில்லை.

போன வருடம் ஒரு மாணவி 1911இல் நியூயார்க்கில் நடந்த டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயைப் பற்றி எழுதினாள். ஒரு கார்டில் இறந்தவர்கள் 141, இன்னொன்றில் 146. இரண்டில் எது பொய் என்று கேட்டாள். எதுவும் பொய் இல்லை. 141 என்பது தீ நடந்த மறுநாள், மார்ச் 26ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் தலைப்பில் போட்ட எண். 146 பிற்பாடு உறுதியானது. தேதி எழுதியிருந்தால் அந்த இரண்டு கார்டும் தாமே பேசியிருக்கும். கடைசியில் அந்தக் குழப்பத்தையே அவள் ஒரு பத்தியாக்கினாள். இறந்தவர்களைக்கூட உடனே எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு அந்தப் பெண்கள் யார் என்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது என்று எழுதினாள். நான் சொல்லிக்கொடுத்து வந்த வரி இல்லை அது.

23.01.2025

மகளின் அவுட்லைனைப் போட்டதற்கு நன்றி. தலைப்பு ஒயிட்ஸ் பாக் வரை குறுகியிருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவுட்லைன் இது:

அறிமுகம். பின்னணி. லூயிஸ் ஹைன். சட்டங்கள். விளைவுகள். முடிவுரை.

ஹைன் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் இது பொருந்தும். அதனால்தான் அவளுக்கு இது சடங்காகத் தெரிகிறது. அவள் சொல்வது இந்த மாதிரி அவுட்லைனுக்கு முழுக்கச் சரி. வெறும் பெயர்ச்சொற்களை வரிசையாக அடுக்கினால் திட்டம் போட்ட திருப்தி வரும், யோசித்திருக்க மாட்டோம்.

ஒவ்வொரு தலைப்பையும் முழு வாக்கியமாக்கச் சொல்லுங்கள். வினைமுற்று இருக்க வேண்டும். யாராவது "இல்லையே" என்று மறுக்கக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும்.

"லூயிஸ் ஹைன்" என்பதற்குப் பதிலாக: படத்தோடு வயது, ஊர், வேலை எல்லாம் குறித்துவைத்ததால் ஹைனின் படங்கள் இரக்கத்தைத் தூண்டுவதோடு நிற்காமல் சாட்சியமாகவும் ஆயின.

"சட்டங்கள்" என்பதற்குப் பதிலாக: 1916இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்த கீட்டிங்-ஓவன் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918இல் 5க்கு 4 என்ற கணக்கில் செல்லாது என்று சொன்னதால், ஹைனின் படங்கள் வாங்கிக்கொடுத்த வெற்றி இரண்டு வருடம்கூட நிற்கவில்லை.

இப்படி எழுதிவிட்டு, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு இணைப்புச் சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். "அதனால்", "ஆனாலும்", "இருந்தபோதிலும்", "அப்படியானால்" இவற்றில் ஒன்று பொருந்தினால் கட்டுரை நடக்கிறது. "மேலும்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்த இரண்டு பத்திகளையும் எப்படி மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. வகுப்பில் நான் பென்சிலால் செய்கிற முதல் வேலை இதுதான். கார்டுகளைத் தரையில் பரப்பி, நடுநடுவே இந்தச் சொற்களைச் சின்னச் சீட்டில் எழுதி வைக்கச் சொல்வேன்.

24.01.2025

டெக்சாஸில் இருந்து எழுதிய அம்மாவுக்கு: உங்கள் மகனுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஐந்து பத்திக் கட்டுரை தவறு இல்லை. முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை. நாற்பது நிமிடத் தேர்வில் அது கைகொடுக்கும். எட்டுப் பக்கத்துக்கு அதை இழுத்தால் ஒவ்வொரு காரணமும் இரண்டு பக்கம் வீங்கும், காரணம் எப்போதும் மூன்றுதான் இருக்கும். உலகத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று காரணம் இருப்பதில்லை. சிலவற்றுக்கு ஒன்று, அதற்குள் நான்கு படி.

02.02.2025

இதை மூன்று நாளாக எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எடிசன் அப்பா தனிச்செய்தியில் சொன்னதை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். மகளின் வாக்கிய அவுட்லைன் அழகாக இருந்தது: ஹைன் படம் எடுத்தார், மக்கள் கொதித்தார்கள், சட்டம் வந்தது, நீதிமன்றம் தடுத்தது, 1924இல் அரசியல் சட்டத் திருத்தம் காங்கிரஸில் நிறைவேறியும் போதுமான மாநிலங்கள் ஏற்கவில்லை, 1938இல் நியாயத் தொழில் தரச் சட்டம் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். டிராஃப்ட் எழுத உட்கார்ந்தாள். ஐந்தாவது பக்கத்தில், 1938 சட்டம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று ஒரு வரி எழுத வேண்டி அதைத் தேடினாள்.

வயல் வேலையை அந்தச் சட்டம் பெருமளவு வெளியே விட்டிருந்தது. சட்டப்படி பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் போக, மற்ற நேரத்தில் வயலில் வேலை செய்யும் சிறுவர்களுக்கு அதன் வயது வரம்பு இல்லை. திரும்பிப் போய் 1916 சட்டத்தைப் பார்த்தாள். ஆலை, சுரங்கம், கல்குவாரி, பழம் டப்பாவில் அடைக்கும் ஆலை எல்லாம் இருக்கிறது. வயல் இல்லை. அவள் மேஜையில் இருந்த படத்தில் உள்ள பெண்ணுக்கு, அவள் எழுதிக்கொண்டிருந்த இரண்டு சட்டமும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை.

இரவு பதினொரு மணிக்கு அப்பாவை எழுப்பி, "எல்லாம் போச்சுப்பா" என்றாளாம்.

போகவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பேப்பர் கிடைத்தது. நூற்றுக்கு எண்பது பேர் அந்த வரியைப் பார்த்தும் பார்க்காதது போல அவுட்லைன்படியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் கையெழுத்து வாங்கியாயிற்று. இந்தப் பெண் நின்றாள். எழுதினதால்தான் அந்த வரியைத் தேட வேண்டியிருந்தது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும் என்று அவள் முதலிலேயே சொன்னாள் அல்லவா?

ஆகவே ஜனவரி 12 காலை நான் எழுதிய முதல் வரியைத் திரும்பப் பெறுகிறேன். நான் அப்பா பக்கம் இல்லை. முழுக்க மகள் பக்கமும் இல்லை, ஏனென்றால் முதல் அவுட்லைன் அவ்வளவு தெளிவாக இல்லாவிட்டால் எது உடைந்தது என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. "சட்டங்கள்" என்ற ஒற்றைச் சொல் எதனாலும் உடையாது. "சட்டம் வந்ததால் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்" என்ற வாக்கியம் உடையும்.

இப்போது செய்ய வேண்டியது, அவள் போன தடவை ஒளித்துச் செய்தாளே அதேதான், இந்த முறை பகிரங்கமாக. எழுதின ஐந்து பக்கத்தையும் எடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி உண்மையில் என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியம் எழுத வேண்டும். என்ன சொல்ல நினைத்தாள் என்பது வேண்டாம். அந்த ஓர வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதினால் அது இரண்டாவது அவுட்லைன். அதில் எந்த இடத்தில் கட்டுரை திரும்ப வேண்டும் என்று தெரியும். தலைகீழ் அவுட்லைன் என்று என் வகுப்பில் சொல்வோம். அதற்கு நான் மதிப்பெண் கொடுப்பது கிடையாது. இந்த வருடத்தில் இருந்து கொடுக்கப்போகிறேன்.

03.02.2025

ஆசிரியர் கையெழுத்துப் போட்ட அவுட்லைனை மாற்றலாமா என்று கேட்கிறார் அப்பா. மாற்றலாம், போய்ச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். இரண்டே வரி: "1938 சட்டம் வயலுக்குப் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தேன். என் தீசிஸ் மாறுகிறது." இதைக் கேட்டு வருத்தப்படுகிற ஆங்கில ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

04.02.2025

மதுரையில் இருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர், இதையெல்லாம் நன்னூல் பாயிரத்திலேயே சொல்லியாயிற்றே அம்மா என்று எழுதியிருக்கிறார். நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களை நான் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். இத்தனை வருடம் ஆங்கில வகுப்பில் நின்றும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நேற்று இரவு பத்தையும் எழுதி, பக்கத்தில் என் மாணவர்களின் டிராஃப்டை வைத்துப் பார்த்தேன்.

கூறியது கூறல்: முன்னுரையை முடிவுரையில் திருப்பி எழுதுவது. மாறுகொளக் கூறல்: இரண்டாம் பக்கத்தில் ஹைனின் படங்கள் சட்டத்தை மாற்றின என்று சொல்லி, ஆறாம் பக்கத்தில் மாற்றவில்லை என்பது. வெற்றெனத் தொடுத்தல்: பக்கம் நிரம்ப வேண்டும் என்று எழுதுவது. மற்றொன்று விரித்தல்: டிரையாங்கிள் தீ எழுதின அதே மாணவி, டாக்காவுக்கு அருகே 2013இல் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மனசார எழுதியிருந்தாள், வெட்டச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் அது வேறு கட்டுரை.

எனக்கு மிகவும் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல். போகப்போகத் தேய்ந்து நின்றுபோவது. ஹைஸ்கூல் ரிசர்ச் பேப்பரை இதைவிட யாரும் சரியாகச் சொன்னதில்லை. முதல் இரண்டு பக்கத்தில் பதினான்கு மேற்கோள், கடைசி இரண்டு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. காரணம் சோம்பல் என்று நினைக்கிறார்கள். நல்ல கார்டுகளை எல்லாம் முன்னாலேயே செலவழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். தரையில் கார்டு பரப்பும்போது கடைசி மூன்று பத்திக்கு உரிய கார்டுகளை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். ஐயாவுக்கு நன்றி. வகுப்பில் இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

(எடிசன் வீட்டில் தரை முழுக்கக் கார்டுகள் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஊரில் இருந்து வந்திருக்கும் பாட்டி, "படிக்கிற பிள்ளைக்குச் சீட்டாட்டமா?" என்று கேட்டாராம். பேத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினாளாம். அந்த ஒரு மணி நேரத்தில் பேப்பரின் பாதி தெளிந்திருக்கும்.)

09.02.2025

எதிர்வாதத்தை எங்கே வைப்பது? பாடப்புத்தகம் கடைசிப் பத்திக்கு முன்னால் என்கிறது. எனக்கு அது பிடிக்காது. அங்கே வைத்தால் மறுப்பதற்காகவே கூட்டி வந்த ஆள் போல அது தெரியும்.

இவளுக்கு நிஜமான எதிர்த்தரப்பு இருக்கிறது. ஒயிட்ஸ் பாக் முதலாளியின் மகள் எலிசபெத் ஒயிட், குழந்தைத் தொழிலாளர் குழு சொன்னதைப் பகிரங்கமாக மறுத்தவர். சாதாரண ஆள் இல்லை. பண்ணையில் பயிரிடக்கூடிய புளூபெர்ரியை உருவாக்கப் பல வருடம் உழைத்து, 1916இல் முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பியவர். அவரை வில்லியாக எழுதினால் பேப்பர் சிறுபிள்ளைத்தனமாகிவிடும். ஹைனும் தவறே செய்யாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் ஒரு தரப்புக்காகச் சம்பளம் வாங்கிப் படம் எடுத்தவர். ஒரு பிள்ளையின் வயதை யார் சொன்னார்கள், அவர் எப்படி எழுதிக்கொண்டார் என்று கேட்கத்தான் வேண்டும்.

என் யோசனை: எலிசபெத் ஒயிட்டை இரண்டாம் பக்கத்திலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். படம், உடனே அதற்கு மறுப்பு. தகராறு தொடங்கிவிடும், வாசிக்கிறவர் கடைசி வரை வருவார்.

இன்னொன்று அவள் கவனிக்கலாம். பிள்ளைகள் பிலடெல்பியாக்காரர்கள், வேலை நியூ ஜெர்சியில். எந்த மாநிலத்துப் பள்ளிச் சட்டம் அவர்களைக் கட்டும்? இதற்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள், அது அவளுடைய கார்டு.

11.02.2025

சாட்ஜிபிடியிடம் அவுட்லைன் மட்டும் கேட்டால் தப்பா என்று மூன்று பேர்.

கேட்டுப் பார்த்தேன். குழந்தைத் தொழிலாளர், ஹைன், சட்டம் என்று கொடுத்தேன். நான்கு நொடியில் வந்தது, நன்றாகவே இருந்தது: ஹைன் படம் எடுத்தார், மக்கள் கொதித்தார்கள், சட்டம் வந்தது, 1938இல் முடிந்தது. இந்தப் பெண்ணின் முதல் அவுட்லைன் அப்படியே. எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவைத்த வரிசையைத்தான் அது கொடுக்கும். கிரான்பெர்ரி வயலில் நின்ற பெண்ணை நினைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு யாரும் நமக்காக எழுந்து உட்கார மாட்டார்கள். என் வகுப்பில் கார்டுகளைக் கையால்தான் எழுத வேண்டும், வகுப்பிலேயே எழுத வேண்டும். சாட்ஜிபிடி வந்த 2022 நவம்பருக்கு முன்னாலும் இப்படித்தான், இப்போது இன்னும் கண்டிப்பு.

16.02.2025

கடைசி வாரம். நேரம் குறைவு, அதனால் சுருக்கமாக. புதிய சோர்ஸ் எதையும் திறக்கக் கூடாது. மூன்று நாள் எழுதுவதற்கு, ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு, கடைசி நாள் வாய்விட்டுப் படிப்பதற்கு. கண் மன்னித்துவிடும் வாக்கியத்தை நாக்கு மன்னிக்காது. அப்பா உட்கார்ந்து கேளுங்கள், திருத்த வேண்டாம். எங்கே உங்களுக்குக் கவனம் சிதறியது என்று மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள்.

முன்னுரையைக் கடைசியாக எழுதட்டும். படத்தில் இருந்து தொடங்கச் சொல்வேன், சுமையில் இருந்து. "மனித வரலாற்றின் தொடக்கம் முதல்" என்று தொடங்கும் பேப்பரை வருடத்துக்குக் குறைந்தது பத்து தடவை படிக்கிறேன், நூறு பேப்பர் திருத்துகிற ஆசிரியருக்கு அந்த முதல் வரி என்ன செய்யும் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

17.02.2025

ஒர்க்ஸ் சைட்டட், அதாவது பேப்பரின் கடைசியில் வரும் சோர்ஸ் பட்டியல் பற்றிக் கேட்டது நல்லது. படத்துக்கும் அதில் இடம் உண்டு. எடுத்தவர் பெயர், படத்தின் பெயர், தேதி, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், அந்தப் பக்கத்தின் முகவரி. கூகுளில் கிடைத்தது என்று எழுதக் கூடாது. கூகுள் வழிகாட்டி, வீடு அது இல்லை. சோர்ஸை எப்படிக் குறிப்பது என்று சொல்லும் எம்எல்ஏ (MLA) கையேட்டில், 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பையா எட்டாம் பதிப்பையா கேட்கிறார்கள் என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். வித்தியாசம் கொஞ்சம்தான், அதற்காக இரவில் கண்விழிக்க வேண்டாம்.

02.03.2025

கொடுத்துவிட்டாள். சம்மதத்தோடு அவளுடைய கடைசி வரிசையைப் போடுகிறேன், நிறையப் பேர் கேட்டீர்கள்.

பத்து வயதுப் பெண்ணின் படம். எலிசபெத் ஒயிட்டின் மறுப்பு. ஹைன் எப்படித் தகவல் சேர்த்தார், அதை எவ்வளவு நம்பலாம். 1916 சட்டம், 1918 தீர்ப்பு, இரண்டிலும் வயல் இல்லை. 1924 திருத்தம் நின்றுபோனது. 1938 சட்டம், அதிலும் வயல் பெருமளவு வெளியே. கடைசியில் தீசிஸ்: ஹைனின் படங்கள் ஆலைக்குள் இருந்த பிள்ளைகளைக் காப்பாற்ற உதவின, ஆனால் திறந்த வெளியில், சூரிய வெளிச்சத்தில் எடுத்த படங்கள்தான் பார்த்தவர்களுக்கு அவ்வளவு கொடுமையாகத் தெரியவில்லை, சட்டமும் அந்தப் பார்வையோடே எழுதப்பட்டது.

தீசிஸ் ஏழாம் பக்கத்தில்தான் முழுதாக வருகிறது. முதல் பக்கத்தில் கேள்வி மட்டும். இப்படி வைக்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தாளாம். எல்லா ஆசிரியரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானே மூன்று வருடத்துக்கு முன் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றிய அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. பண்ணை முதலாளிகளின் அரசியல் பலத்துக்கு அவள் ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம். அவளுக்கும் எழுதினேன். மிச்சம் பதினொரு கார்டு இருக்கிறது ஆன்ட்டி, அதில் நான்கு அதைப் பற்றித்தான், இடம் இல்லாமல் விட்டேன் என்று பதில் போட்டிருக்கிறாள்.

03.03.2025

ஒயிட்ஸ் பாக் இப்போதும் இருக்கிறதா என்று பாட்டி கேட்டாராம். இருக்கிறது. பழைய கிராமமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், பிரெண்டன் பர்ன் மாநிலக் காட்டுக்குள். காரில் போய்விடலாம். இப்போது போனால் பெரிதாக ஒன்றும் இருக்காது. செப்டம்பர் கடைசியில் போங்கள், ஹைன் போன அதே நாட்கள், பழம் சிவக்கிற நேரம்.